கீழ்த்தாடை, எண் 212

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் இந்த ஊரில் யாரும் தெருப் பெயர் சொல்வதில்லை. "ஓடி வந்தவர் வீடா? நேராப் போங்க, ஒரு ஜன்னல்ல பல்லு சிரிச்சுக்கிட்டு இருக்கும், அதான்" என்பார்கள். பல் சிரிப்பது உண்மை. முன்னறை முழுக்க பல்செட் செய்யும் பட்டறை. காய வைத்த தாடை அச்சுகள் ஜன்னலோரப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். அதில் ஒன்றின் வாயில் நான் ஒரு முறை பீடித்துண்டு வைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் அத்தை கண்டுபிடித்தாள். அதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

ஓடி வந்தவர் என் கொள்ளுத் தாத்தா. அவர் செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. ஊர் வாயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவரைப் பற்றி வீட்டில் தெரிந்தது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். பெரிய யுத்தத்தில் அந்தப் பக்கத்துப் பட்டாளத்தில் இருந்தார். யுத்தத்தில் இரண்டு நாடும் ஒரே கட்சி, அதனால் எதிரி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவர் துப்பாக்கி தூக்கவில்லை, அரம் தூக்கினார். பட்டாள ஆஸ்பத்திரியில் பல் கட்டும் வேலை. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் கையில் ஒரு தகரப் பெட்டியோடு எல்லைப் பாலத்தைத் தாண்டி இந்த ஊருக்கு வந்தார். திரும்பிப் போகவேயில்லை. இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளை, இங்கேயே பட்டறை.

ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வாராம். "வேலை இன்னும் முடியல."

நாற்பது வருஷமாக ஒரு மனுஷன் அதையே சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தார் என்றது ஒரு கூட்டம். மேலதிகாரியை அடித்துவிட்டு ஓடி வந்தார் என்றது இன்னொன்று. தளபதிக்கு ஆடுகிற பல்லை விட்டுவிட்டு ஆடாத பல்லைப் பிடுங்கிவிட்டு ஓடி வந்தார் என்று மூன்றாவதாக ஒன்று உலவுகிறது. அது நான் ஐந்தாம் வகுப்பில் கிளப்பி விட்டது. நன்றாகவே நடக்கிறது.

இதில் அடிபட்டவர் என் தாத்தா, அதாவது ஓடி வந்தவரின் ஒரே மகன். வயது எழுபத்தேழு. அவர் வாழ்க்கையில் ஓடியதே இல்லை. சும்மா சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டால் விட்டுவிடுவார். மழை கொட்டினால் நனைந்துகொண்டே நடந்து வருவார். ஒரு முறை தெருநாய் துரத்தியபோதுகூட நடந்தாராம், நாய்க்கே குழப்பமாகி நின்றுவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் வந்தால் பையன்கள் "உங்க வீட்டுக்கு இது ரத்தத்துல இருக்கு" என்றிருக்கிறார்கள். அன்று நின்ற கால்.

இந்த வருஷம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பினார்கள். யுத்தத்துக்குப் போன இந்த ஊர்க்காரர் எல்லோர் பெயரும் அதில் பொறிப்பதாக ஏற்பாடு. மூன்று கட்டம்: பெயர், பிரிவு, விடுவிக்கப்பட்ட ஆண்டு. தாத்தா விண்ணப்பம் எழுதினார். ஒரு பக்கம் எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

சங்கச் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற ரயில்நிலைய அதிகாரி. கிளம்பாத ரயிலுக்கே தாமதக் காரணம் எழுதி வாங்கியவர் என்று ஊரில் பெயர். அவரும் பட்டாளத்துக்குப் போனவரில்லை, அவர் அப்பாதான் போனவர். சங்கக் கூடத்தில் நுழைந்ததும் அந்த அப்பாவின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கும். வலது காதிலிருந்து முகவாய் வரை தையல் போட்ட தழும்பு, இறுக மூடிய வாய்.

செயலாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "விடுவிப்பு ஆணை எங்க?" என்று கேட்டார்.

"அது இல்லைங்க சார்."

"ஆணை இல்லாம பட்டாளத்த விட்டு வந்தா அதுக்கு வேற பேரு இருக்கு. அந்தப் பேருக்காரங்களுக்கு நாங்க சுவர் கட்டல."

தாத்தா நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்று ஒரு மேல் செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னாலும் முன்பல்லை ஓரத்திலும் பதித்துவிட்டார். அத்தை மெழுகைச் சுரண்டி எடுத்தபடி, "அப்பா, இதப் போட்டுக்கிட்டு அந்த ஆளு சிரிச்சா பொண்டாட்டி பயந்து அம்மா வீட்டுக்குப் போயிடுவா, வீட்ல அடுப்பு எரியாது" என்றாள். தாத்தா சிரிக்கவில்லை.

அப்போதுதான் நான் உதவி செய்வதென்று முடிவெடுத்தேன். என்னை ஊரில் குண்டூசி என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் நாற்காலி சம்பந்தப்பட்ட காரணம், விடுங்கள். நான் உதவி செய்வதென்று முடிவெடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்பது நல்லது.

பழைய நோட்டின் கடைசித் தாளைக் கிழித்தேன். டீயில் ஊறப் போட்டு மொட்டை மாடியில் காய வைத்தேன். பிஸ்கட் டப்பா மூடியில் இருந்த சிங்கத்தை மேலே அச்சாக ஒற்றினேன். "இவர் தம் கடமையைச் செவ்வனே செய்து முடித்தமையால் இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்" என்று என் பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். தளபதி கையெழுத்து மட்டும் சொந்தக் கற்பனை. மடித்து, கசக்கி, கொள்ளுத் தாத்தாவின் பழைய பெட்டி அடியில் சொருகிவிட்டு, பெட்டியைத் தூசு தட்டுகிற மாதிரி தட்டி, "தாத்தா, இது என்னது" என்று கேட்டேன்.

அவர் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். போய் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் பித்தானை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டு வந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

செயலாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, எத்தனாவது படிக்கிற?"

"பத்தாவது சார். ரெண்டாவது தடவ."

"ஜூன் மாசத்துக்கு எத்தனை நாளு?"

நான் விரல் முட்டியில் எண்ணிப் பார்த்தேன்.

"முப்பது சார்."

"இந்தத் தளபதி முப்பத்தொண்ணாந்தேதி கையெழுத்துப் போட்டிருக்காரு. சரி, யுத்த காலம், நாளு பத்தலன்னு சேர்த்துக்கிட்டாரு போல." தாளை மேஜையில் வைத்தார். "டீயில சர்க்கரை போடாம ஊற வச்சிருக்கலாம். பாருங்க பல்செட்காரரே, எறும்பு வருது."

வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, தளபதியின் கையெழுத்தை நோக்கி.

தாத்தா என் பக்கம் திரும்பினார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வா, போலாம்" என்றார், அவ்வளவுதான்.

செயலாளர் பின்னாலிருந்து சொன்னார்: "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடுறேன். திங்கக்கிழமை கல்தச்சர் வர்றாரு. நெஜமான பேப்பர் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. அதுக்கப்புறம் கல்லுல எடம் கெடையாது."

அன்று வியாழக்கிழமை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தாத்தா, என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"ஓடி வந்தவன்னு சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். பொய் சொல்ற குடும்பம்னு யாரும் சொன்னதில்ல. இன்னைக்குக் காலைல வரைக்கும்."

நான் அதுவரை எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். வாத்தியார்கள் ரகம் ரகமாகத் திட்டுவார்கள், ரசித்துக் கேட்பேன். இது திட்டே இல்லை. அதனால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அத்தைதான் தண்டனை கொடுத்தாள். மறுநாள் காலை ஏணியையும் ஈரத் துணியையும் கையில் திணித்து, "மேல் பலகையெல்லாம் தொடை. ஒரு பெட்டியையும் தெறக்காத" என்றாள்.

அது பட்டறையின் சட்டம். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரப் பெட்டி உண்டு, மேலே எண் மட்டும் இருக்கும். உள்ளே அவர் தாடை அச்சும் வேலைக் குறிப்பும். பெட்டிக்குச் சொந்தக்காரர் எதிரே இருந்தால்தான் திறக்க வேண்டும். அவர் செத்துப்போனால் அவர் பிள்ளை வந்தால்தான். சில ஆண்கள் பல் கழற்றிய முகத்தைப் பெண்டாட்டிக்குக்கூடக் காட்டியதில்லை. அந்த முகம் எங்கள் பலகையில் இருக்கிறது. "ஆள் இல்லாம வாயத் தெறக்கக் கூடாது" என்பார் தாத்தா. அவர் அப்பா போட்ட சட்டம் அது.

மேல் பலகையில் இருந்ததெல்லாம் கொள்ளுத் தாத்தா காலத்துப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் எடுத்தால் உள்ளே ஒரு தாடை கடகடவென்று உருளும். 212 உருளவில்லை. செங்கல் மாதிரி கனத்தது. ஏணியில் நின்றபடி காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஒரு மனுஷனுக்கு ஒரு வாய்தானே, இவ்வளவு கனம் எதற்கு?

திறந்துவிட்டேன். நான் திறக்காமல் இருப்பேன் என்று அத்தை நினைத்திருந்தால் அது அவள் தப்பு.

உள்ளே பதினேழு கீழ்த்தாடைகள். தரையில் வரிசையாக வைத்தேன். பதினேழும் ஒரே வாய். வலது ஓரம் கொஞ்சம் உள்வாங்கிய, ஒரு பல்லும் இல்லாத, ஒரே வாய். ஒரு ஆளுக்கு ஒரு அச்சு எடுப்பார்கள், மிஞ்சினால் இரண்டு. அடியில் ஒரு நோட்டும், கயிற்றால் கட்டிய சீட்டுகளும் இருந்தன.

"அடியே" என்று அத்தை வாசற்படியில் நின்று கத்த ஆரம்பித்தாள். பிறகு பதினேழையும் பார்த்தாள். கத்துவதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"படி" என்றாள். "மெதுவா. அப்பா கடைக்குப் போயிருக்காரு."

நோட்டின் முதல் பக்கத்தில் கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்து, கட்டம் போட்டது போல:

'எண் 212. ஜீப் ஓட்டுநர். தாடையில் குண்டு. வலது காதிலிருந்து முகவாய் வரை தையல். ஆஸ்பத்திரியில் அளவு எடுத்தேன். செட் முடியுமுன் எல்லை தாண்டி அவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நீயே கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வா என்று அதிகாரி உத்தரவு. ஏழு நாள் அனுமதி.'

அனுமதிச் சீட்டு அதிலேயே ஒட்டியிருந்தது. முத்திரை இருந்தது. சிங்கம் இல்லை.

காதிலிருந்து முகவாய் வரை தையல். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். "சங்கத்துல தொங்குறாரே" என்றேன். "செயலாளரோட அப்பா" என்றாள் அவள்.

கயிற்றால் கட்டியிருந்த சீட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி அச்சடித்தவை. 'பல்செட் பொருத்தப்பட்டது. வலி இல்லை.' கீழே நோயாளி கையொப்பமிட ஒரு கோடு. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'இக்கையொப்பம் பெற்ற பின்னரே பணியாளர் பிரிவுக்குத் திரும்ப வேண்டும்.' ஒரு சீட்டில்கூடக் கையொப்பம் இல்லை.

நோட்டைத் தொடர்ந்து படித்தேன்.

'முதல் நாள். பொருத்தினேன். வலது பக்கம் உரசுகிறது என்றார். நீலத் தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, நிறம் ஒட்டிய இடத்தைத் தேய்த்தேன்.'

'நான்காம் நாள். உரசல் நின்றது. நாளை கையொப்பமிடுகிறேன் என்றார்.'

'ஐந்தாம் நாள். கடைசியாக ஒரு முறை மெருகு போட்டேன். போடும்போது, வீட்டுக் கடிதம் வந்ததைச் சொன்னேன். குண்டு விழுந்து எங்கள் தெருவில் எங்கள் வீட்டு வரிசை முழுதும் இல்லை என்பதை. அவர் வாயில் என் கட்டைவிரல் இருந்தது. பதில் பேச முடியாதவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. விரலை எடுத்தேன். சீட்டை நீட்டினேன். வலிக்குது என்றார்.'

'ஏழாம் நாள். வலிக்குது என்றார். பிரிவுக்குத் தந்தி அடித்தேன். கையொப்பம் இல்லாமல் திரும்பாதே என்று பதில்.'

'ஒன்பதாம் வாரம். புது அச்சு எடுத்தேன். நீலத் தாளில் ஒரு குறையும் இல்லை. ஈறு ஆரோக்கியமாக இருக்கிறது. ஆனால் வலிக்குது என்கிறார். போன வாரம் வலது, இந்த வாரம் இடது. எனக்குப் புரியவில்லை.'

எனக்குப் புரிந்தது. படித்தவர்களுக்கெல்லாம் புரியாதது சில சமயம் எனக்குப் புரியும். கணக்குப் பரீட்சை அன்று காலை எனக்கு வயிற்று வலி வரும். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: எந்தப் பக்கம் வலி என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், மாற்றக் கூடாது. 212 அனுபவம் இல்லாத ஆள். ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது என்று சொதப்பியிருக்கிறார்.

"அத்தை, இந்த ஆளுக்கு வலியே இல்ல" என்றேன். "நடிக்கிறாரு."

"எதுக்குடி நடிக்கணும்?"

"கையெழுத்துப் போட்டா கொள்ளுத் தாத்தா கிளம்பணும்ல. கிளம்பி எங்க போவாரு? அங்க வீடே இல்லியே."

அத்தை முந்தானையை எடுத்து அச்சு மேலிருந்த தூசைத் துடைத்தாள். அங்கே தூசே இல்லை.

'பதினான்காம் வாரம். இன்று கடைத்தெருவில் 212-ஐப் பார்த்தேன். வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார், கீழ்ச் செட்டைப் போட்டுக்கொண்டே. என்னைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்காதது போல் வந்துவிட்டேன். பிரிவுக்கு வலி தொடர்கிறது என்று எழுதி அனுப்பினேன்.'

கடைசிப் பக்கம்: 'யுத்தம் முடிந்தது. பிரிவு கலைக்கப்பட்டதாகக் கடிதம். இனிமேல் சீட்டை அனுப்ப முகவரி இல்லை. சனிக்கிழமை 212 வந்தார். வலிக்குது என்றார். உட்காரச் சொன்னேன்.'

தாத்தா கடையிலிருந்து வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார். பதினேழு தாடையும் அவரைப் பார்த்தன.

"யாரு பெட்டி?"

"தாத்தா, முதல்ல இதப் படிங்க. உங்க அப்பா ஓடி..."

"யாரு பெட்டின்னு கேட்டேன்."

"212."

"ஆளு எங்க?"

"செத்துட்டாரு. செயலாளரோட அப்பா அவரு. தாத்தா, அதுல எல்லாமே..."

"வாய மூடு. பெட்டியையும் மூடு."

அத்தை சொல்லிப் பார்த்தாள். நான் அழுது பார்த்தேன், பாதி நிஜமாகவே. மனுஷன் அசையவில்லை. அறுபது வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து பல்செட் தேய்த்திருக்கிறார். அவர் தேடிய பதில் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்திருக்கிறது. இப்போது மடியில் வந்து விழுந்தாலும் படிக்க மாட்டேன் என்கிறார், ஏனென்றால் அது வாடிக்கைக்காரர் பெட்டி. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் குறும்பு செய்யாமல் இருப்பது?

"அவரு மகன் இருக்காருல்ல" என்றார் தாத்தா. "அவரு வந்து தெறக்கட்டும். அவரு சொன்னா நான் பாக்குறேன்."

"அவரு படிச்சிட்டு மறைச்சிட்டாருன்னா?"

"அவரு அப்பாவோட வாய். மறைக்கறது அவரு இஷ்டம்."

ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து இடுப்பில் சொருகிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கை நோட்டு வரைக்கும் போனது. ஆனால் ஜூன் முப்பத்தொன்றுக்கு அப்புறம் என் கையிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் எறும்புகூட நம்பாது. அப்படியே வைத்து மூடினேன்.

சனிக்கிழமை நாலரை மணிக்குச் சங்கக் கூடத்தில் இருந்தோம். செயலாளர் மேஜையில் பட்டியல், பேனா, கடிகாரம். மேலே அவர் அப்பா, வாயை இறுக்கிக்கொண்டு. இப்போது பார்த்தால் சிரிப்பை அடக்குகிற வாய் மாதிரி இருந்தது.

தாத்தா பெட்டியை மேஜையில் வைத்தார். "உங்க அப்பாவோடது சார். என் பேத்தி தெரியாமத் தெறந்துட்டா. மன்னிக்கணும். நான் பாக்கல."

"நீங்க பாக்கலியா?"

"நீங்க தெறந்தாத்தான் பாக்கலாம்."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் திறந்தார். ஒரு தாடையை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். அனுமதிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். தேதியைப் பார்த்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு நோட்டைப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கடிகாரம் நாலு நாற்பத்தெட்டு.

ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். நோட்டை மூடி உள்ளங்கையால் அழுத்தினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மேலே ஆளுயரப் படம் போட்டிருக்கிற வீரர், பல்வலி என்று பட்டாளத்திடம் பொய் சொன்னார் என்று எந்த மகன் ஊருக்குச் சொல்வான்? தாத்தா ஒன்றும் தெரியாமல் கைகட்டி நின்றார். எனக்கு வாய் துடித்தது. அவர் என் தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார்.

"வேர்க்கடலை" என்றார் செயலாளர்.

தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார்?"

"எங்க அப்பாவுக்குப் பல்லு வலின்னு எங்க வீட்ல இருபது வருஷம் சோத்தைக் குழைச்சுத்தான் வடிப்பாங்க. ஏழு பேரு. எல்லாரும் குழைஞ்ச சோறுதான் தின்னோம், அவரு மட்டும் தனியாச் சாப்பிட்டா மனசு கஷ்டப்படும்னு." நோட்டை விரலால் தட்டினார். "இந்த ஆளு வெளிய போயி வேர்க்கடலை தின்னிருக்காரு."

செயலாளரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழிய. சிரித்துப் பழக்கமில்லாதவர் போல.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் 'பல்லு காட்டிட்டு வர்றேன்'னு கிளம்புவாரு. செத்த வாரம் வரைக்கும். பாவம் மனுஷன்னு நெனச்சோம்." கண்ணைத் துடைத்தார். "உக்காருங்க. நான் படிக்கிறேன், கேளுங்க."

முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தார், ரயில் அறிவிப்பு செய்கிற குரலில். ஐந்தாம் நாள் வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. தாத்தா முழங்கால் மேல் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அனுமதிச் சீட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப ஓடி வரல" என்றார்.

"அனுப்பி வச்சிருக்காங்க. முத்திரை இருக்கு. திரும்பிப் போக விடாதது எங்க அப்பா."

"எங்கப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து பட்டாளத்தையே ஏமாத்திருக்காங்க."

தாத்தா தலையை ஆட்டினார். முகத்தைத் துடைக்கிற மாதிரி ஒரு கையால் தடவிக்கொண்டார். அந்தக் கை கீழே வந்தபோது எழுபது வருஷமாக நான் பார்த்திராத முகமாக இருந்தது. எனக்கு வயது பதினாறுதான், இருந்தாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது.

நாலு ஐம்பத்தேழுக்குச் செயலாளர் பட்டியலில் பெயரை எழுதினார். பிரிவை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

"விடுவிக்கப்பட்ட ஆண்டு?"

"பிரிவு கலைஞ்ச வருஷத்தைப் போடுங்க."

"அது பிரிவு கலைஞ்ச வருஷம். இவரை விடுவிச்ச வருஷம் இல்ல. கையெழுத்து வாங்கலையே. விதிப்படி இவரு இன்னும் வேலையில இருக்காரு."

"செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு சார்."

"அதுக்கு விதி இல்ல."

"அப்ப வெறுமனே விடுங்க."

"வெறுமனே விட்டா ஆணை இல்லாதவருன்னு ஆயிடும். உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

"கோடு போடுங்க."

"கோடு போட்டா அடிச்சுவிட்டதுன்னு நெனைப்பாங்க."

திங்கட்கிழமை கல்தச்சர் வந்து பெயரையும் பிரிவையும் பொறித்தார். பெயருக்கு முன்னால் தாத்தா கொஞ்ச நேரம் நின்றார், எழுத்து ஒன்று சாய்ந்திருக்கிறது என்றார், அது சாயவில்லை. மூன்றாவது கட்டம் அப்படியே இருக்கிறது. அதை முடிவு செய்ய தாத்தா தினமும் மாலையில் சங்கத்துக்குப் போகிறார். பேசிக் கலைந்து ஏழு மணிக்கு வருகிறார். கல்தச்சர் இரண்டு முறை உளியோடு வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நேற்று செயலாளர் 'பணி தொடர்கிறது' என்று போடலாம் என்றாராம். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லையாம், ஒரு எழுத்து அதிகமாக வருகிறதாம். இன்று தாத்தா சரி, அதையே போடலாம் என்று சொல்லப் போனார். செயலாளருக்கு இப்போது அதில் வேறு ஏதோ குறை தெரிகிறதாம்.

அத்தை கேட்கிறாள், இரண்டு கிழவர்களும் ஒரு கட்டத்துக்கு இப்படி அடித்துக்கொள்கிறார்களே, நீயாவது போய் ஏதாவது சொல்லி முடித்துவிடக் கூடாதா என்று.

நேற்று வலது, இன்று இடது. எனக்கு எதற்கு வம்பு. நான் சும்மா இருக்கிறேன்.